இரண்டாம் பால்

ஒரு ராத்திரிக்கு ஏழு சாயா.
கணக்கு என்னுடையதல்ல,
ஆசாரிப்பள்ளத்தில் ஈசிஜி தாளை நீட்டிப் பிடித்தபடி
அந்தச் சின்ன டாக்டர் கேட்டபோது
கிளாடிஸ் சொன்னது.
எனக்கு ஐந்துதான் ஞாபகம்.

நெஞ்சு இடையிடையே ஒரு படி தாவிப் போகிறதாம்.
சாயா வேண்டாம், காப்பி வேண்டாம் என்றார்,
கோலாவையும் சேர்த்துக்கொண்டார்.
குளச்சல் ஐஸ் பிளாண்டின் ராத்திரி ஷிப்டில்
அமோனியா வாசத்துக்கு நடுவே
விழித்திருக்க வேறென்ன வழி என்று
நான் அவரிடம் கேட்கவில்லை.

முதல் மூன்று நாள் தலைவலி.
யாரோ உள்ளேயிருந்து நெற்றியைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.
நாலாம் நாள் சித்திரை வெக்கை
ஆஸ்பெஸ்டாஸிலிருந்து இறங்கிய மத்தியானம்
அடுக்களைக்குள் நுழைந்தேன்.

காப்பி இல்லாத காப்பி எங்கள் பக்கம் புதிதல்ல.
சுக்குக் காப்பிக்குள் காப்பியை
யாராவது தேடியதுண்டா?

நன்னாரி வேர் ஒரு பிடி.
லேசாக வறுத்தால் மணம் தூக்கும்,
ஒரு நிமிடம் கூடினால் சாம்பல்.
கருக்கித்தான் தெரிந்துகொண்டேன்.
சுக்கை ஸ்பானரின் பின்பக்கத்தால் நசுக்கினேன்
(கழுவிய ஸ்பானர்தான்).
மாறாமலைக் கிராம்பு இரண்டு.
மூன்று போட்டால் பல் டாக்டர் வீட்டு வாசம்.
தண்ணீர் பாதியாகும்வரை கொதி.
நிறம் அச்சு அசல் சாயா,
நாக்கு ஒரு கணம் நம்பியேவிட்டது.
கருப்பட்டியை உடைத்துப் போட்டு வடிகட்டினால்
அடியில் மணல். எப்போதும் இருக்கிற மணல்.

முதல் தடவை தேங்காயின் தலைப்பாலைச்
சூட்டோடு ஊற்றினேன். திரிந்தது.
அடுத்த தடவை ஆறவைத்தே ஊற்றினேன்,
ஐஸ் போட்டதும் கொழுப்பு உறைந்து
செதில் செதிலாக மிதந்தது,
மீன் கழுவிய தண்ணீர் மாதிரி.
பிறகு கிளாடிஸ் எழுந்து வந்தாள்.
நான் பிழிந்தெறிந்த சக்கையை அள்ளி
வெந்நீர் விட்டு மறுபடியும் பிழிந்தாள்.
"இத ஊத்தும். தலப்பால் தாங்காது."
அவ்வளவுதான் பேச்சு,
தையல் மெஷினுக்குத் திரும்பிவிட்டாள்.

ஐஸ்தான் வேடிக்கை.
பத்தொன்பது வருஷமாக
ஒரு ராத்திரிக்கு முந்நூறு பாளம் தூக்குகிறேன்,
சாளைக்கு, நெத்திலிக்கு, சூரைக்கு.
செத்ததற்கெல்லாம் குளிர் கொடுத்தவன்
வீட்டு பிரிட்ஜில் பன்னிரண்டு கட்டி உறைய
நாலு மணிக்கூர் காத்திருந்தேன்,
திறந்து திறந்து பார்த்துத் திட்டு வாங்கிக்கொண்டு.

மூடி இறுகுகிற பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் எல்லாம் போட்டுக்
கை வலிக்கக் குலுக்கினேன்.
நுரை வந்தது!
பெங்களூருவிலிருந்து வீடியோவில் பார்த்த ஜெர்வின் சொன்னான்:
"அப்பா, இதுக்குப் பேரு ஐஸ்டு ஹெர்பல் லாட்டே.
இங்க இருநூத்தி எண்பது ரூவா."
டம்ளருக்கா, கூஜாவுக்கா என்று கேட்டேன்.

ராத்திரி பிளாஸ்க்கில் கொண்டுபோனேன்.
ஆன்றோ ஒரு வாய் குடித்துவிட்டு
"மருந்தா பாயசமா, ஒரு முடிவுக்கு வாரும் ஓய்" என்றான்.
மூன்று மணிக்குச் சாயாக்காரனின் சைக்கிள் மணி.
பழக்கத்தில் என் கிளாஸையும் நிரப்பி வைத்துப் போய்விட்டான்.
ஆவி பறந்தது, பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆவி நின்றது, ஆடை படிந்தது,
ஆடைமேல் ஓர் ஈசல் வந்து உட்கார்ந்தது.

விடிந்து வந்து படுத்தேன்.
இத்தனை வருஷப் பகல்தூக்கமும்
மேலாகவே மிதந்து கிடந்தது,
இன்று அடிக்குப் போனது.
போவதற்குக் கொஞ்சம் முன்னால்
கிளாடிஸின் மெஷின் கேட்டது.
ஓடும், நிற்கும், நூலறுக்கும், ஓடும்.
இடையிடையே அதுவும் ஒரு தையல் தாவுகிறது.
எத்தனை நாளாகவோ.
எழுந்ததும் எண்ணெய் விட வேண்டும்.