ஒன்று இடு, ஒன்று விடு

பதினொரு இரவு வாடகைக்கு ஈடாக
புரோடி வைத்துவிட்டுப் போனது ஒரு ரிவால்வர்.
துரு இல்லை. கைப்பிடியில் மட்டும்
யாரோ பல்லால் கடித்தது போல் ஒரு வடு.

நெவாடாவில், சரக்கு ரயில் போகும் மேட்டுக்கு இந்தப் பக்கம்,
பன்னிரண்டு அறை விடுதி.
இரவுக்கு நான் ஒருத்திதான்.
மார்ச்சிலிருந்து மூன்று முறை
விடியும் முன் அலுவலகக் கதவின் குமிழை
யாரோ திருகிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.
காற்று தட்டும், ஊளையிடும்;
குமிழைத் திருகாது.

வெர்ல் டோர்ஜசன் கடைக்குப் போய்
தக்காளி கேட்பது போலக் கேட்டேன்:
நல்லதாக ஒரு பெட்டி தோட்டா கொடு.
அவன் பெட்டியை எடுக்கவில்லை,
விளக்கை எடுத்தான்.
உருளையை ஒவ்வொரு அறையாகத் திருப்பி
குழலுக்கு நேரே நிற்கிறதா என்று
ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தான்.
அடியில் இருந்த எண்ணைத் தேய்த்துப் படித்தான்.
"இது கருமருந்துக் காலத்து இரும்பு, மைத்தே.
இன்றைய மருந்தின் கோபம் இதற்குப் பழக்கமில்லை."

நுழைகிறதே, என்றேன்.
"சாவி நுழைந்தால் எல்லாம் உன் வீடா?"

இழுப்பறையிலிருந்து இன்னொன்றை எடுத்து வைத்தான்.
மேற்பட்டை உரிந்த வாழைத்தோலாய் விரிந்திருந்தது.
உருளையில் பாதி இல்லை.
எதைச் சுட்டானாம்?
"வேலியில் வைத்த பீன்ஸ் டப்பாவை.
டப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை."

தாக்கியதும் மலரும் முனையுள்ள குண்டு உண்டாமே?
"இந்த நிதானத்தில் அது மலராது,
பெயருக்குத்தான் பூ."
கடைசியில் அவன் வைத்தது
மென் ஈயம், பழைய மருந்து, மெதுவான வேகம்.
"ஒரு முறை சுட்டால் புகை எழும்.
எதிரே நிற்பவன் தெரிய மாட்டான்.
அதனால் பார்ப்பதையெல்லாம்
முன்பே பார்த்துவிடு."

பிறகு, எண்ணிக்கை:
ஒன்று இடு, ஒன்று விடு,
நான்கு இடு.
சுத்தியல் வெற்று அறையின் மேல் படுக்கட்டும்.
கீழே விழுந்தாலும் வெடிக்காது.
பதினாறு வருடமாக அறைகளை எண்ணிப் பிழைக்கிறேன்;
ஒன்று காலியாகக் கிடப்பது நல்லது என்று
ஒருவர் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

அன்றிரவு நாற்காலியில் உட்கார்ந்து
விரலை நீட்டிப் பார்த்தேன்.
இடது பக்கம் ஜிப்சம் பலகைச் சுவர். அதற்கு அப்பால்
இரண்டாம் எண் அறையில் சாலை போடுகிறவர்களின்
பல் முளைக்கும் குழந்தை.
நேரே கதவு. அதற்கு அப்பால்
பெட்ரோல் நிலையத்தின் எரிவாயுத் தொட்டி.
மெதுவான ஈயமும் பலகைக்கு நிற்காது.
நாற்காலியைத் தள்ளினேன், மேசையைத் தள்ளினேன்,
ஐஸ் இயந்திரத்தோடு மல்லுக்கட்டினேன்.
இரண்டு மணிக்கு,
கதவின் வழியே ரயில் மேட்டு மண் மட்டும் தெரிகிற
ஓரிடம் கிடைத்தது.
காலடியில் சாக்பீஸால் கோடு போட்டேன்.

நான்காம் முறை குமிழ் திரும்பியது
வியாழன், மூன்று பத்து.
கை இழுப்பறைக்குள் போய்விட்டது.
சுத்தியலை இழுக்கவில்லை.
யார் என்றேன்; குரல் என்னுடையதாக இல்லை.

"எச்செவெரி, நான்தான்.
பணம் கொண்டுவந்திருக்கிறேன்.
போன தடவையும் வந்தேன், விளக்கு அணைந்திருந்தது."

ஐந்தையும் ஒவ்வொன்றாக வெளியே தட்டி
மேசையில் நிறுத்தினேன்.
புரோடி சிரித்தான். இதென்ன, அருங்காட்சியகச் சரக்கா?
கோட்டுப் பையிலிருந்து அவன் பெட்டியை எடுத்தான்:
சிவப்பு முத்திரை, புது மருந்து, பாதி தீர்ந்தது.

வெர்ல் எழுதிக் கொடுத்த தாளை நீட்டினேன்.
உதடு அசைய மெல்லப் படித்தான்.
மறுபடி முதலிலிருந்து படித்தான்.
பிறகு வலது கையை விளக்கருகே கொண்டுபோய்
விரல்களை மடக்கினான்,
விரித்தான்.

வாடகை பாக்கி தீர்ந்தது. என் பெட்டியையும்
விலை கொடுத்து வாங்கிப் போனான்.
அவனுடையதை மேசையிலேயே விட்டுவிட்டான்;
நாளை வெர்லிடம் சேர்க்க வேண்டும்.

குழந்தை ஒரு முறை அழுது அடங்கியது.
நாற்காலியைப் பழைய இடத்துக்கு நகர்த்தப் போனேன்.
நகர்த்தவில்லை.