விடுபட்டோர்

காலை பத்து மணிக்கு விபத்து என்று
முந்தின நாளே சொல்லியிருந்தார்கள்.
அதனால் பெண்கள் குளித்து, தலைபின்னி வந்திருந்தார்கள்.
ஆரோக்கியபுரம் கோயில் முற்றத்தில்
மாத்திரைப் பெட்டியோடு நான்.
அயோடைடு, எண்ணூறு.
எண்ணினேன். காலாவதித் தேதி வாசித்தேன். மறுபடி எண்ணினேன்.
விபத்துக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

வரைபடத்தில் உலையை நடுவில் வைத்துக்
காம்பஸால் வட்டம் போட்டிருந்தார்
தாலுகா ஆபீஸ் இளைஞர்.
கோடு எங்கள் குருசடியைத் தொட்டுவிட்டு
மீன் ஏலக்கூடத்தை வெளியே விட்டிருந்தது.
"அப்பம் ஏலத்துக்கு நிக்கியவங்க தப்பிச்சிருவாங்களா?"
ஜெர்மீனா கேலியாகக் கேட்கவில்லை.
அவள் ஐஸ் பெட்டி அங்கேதான் கிடக்கிறது.
இளைஞர் அதே கோட்டின் மேல்
தடித்த பேனாவால் இன்னொரு முறை வரைந்தார்.

"கச்சான் அடிச்சா அங்கோட்டுப் போவும்,
வாடை எடுத்தா நேரே நம்ம மடியில.
இந்த வட்டம் எந்தக் காத்துக்குள்ளது?"
இது பெர்க்மான்ஸ்.
எல்லாக் காற்றுக்கும் சேர்த்துத்தான் என்றார் அதிகாரி.
எல்லாக் காற்றும் ஒன்றாய் அடித்த நாள்
பெர்க்மான்ஸின் நாற்பது வருடத்தில் இல்லை.

பிறகு எழுந்தார் கோயில்பிள்ளை சூசைமிக்கேல்.
"சாவுக்கு ஒத்தை மணி.
தீப்பிடிச்சா விடாம அடிப்பேன்.
கடல் ஏறி வந்த அன்னிக்குக்
கயிறு அறுந்து கையில வார வரை அடிச்சேன்.
இதுக்கு மணம் இல்லங்கியீங்க, நிறம் இல்லங்கியீங்க.
நான் எந்த மணி அடிக்கணும்?"

சைரன் இருக்கிறது என்றார்கள்.
கரண்டு போனால், என்று பின்வரிசையில் ஒரு குரல்.
கரண்டு செய்கிற இடத்திலேயா என்று எல்லோரும் சிரித்தார்கள்,
அதிகாரியும்.
சிரிப்பு அடங்கிய பிறகும் பதில் வரவில்லை.

பத்துக்கு விபத்து நடந்தது.
இரண்டு பஸ். முதலில் பள்ளிக்கூடம்.
நான்கு வழிச்சாலை போய்ச் சேருமுன்
சூரிய உதயம் பார்த்துத் திரும்பிய வேன்களுக்குப் பின்னால்
பன்னிரண்டு நிமிடம்.
பிள்ளைகள் ஜன்னலில் கையாட்டிப் போனார்கள், டூர் போல.
மொத்தம் நாற்பத்தொன்று என்று
கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார் ஒருவர். வெற்றி.

படிவத்தை நான்தான் நிரப்பினேன், கையெழுத்து நன்றாக இருக்குமென்று.
வெளியேற்றப்பட்டோர்: 612.
விடுபட்டோர்:
"முப்பத்தேழு வள்ளம் கடலில கெடக்கு சார்."
"அவங்க விடுபட்டவங்க இல்லம்மா,
வேலைக்குப் போனவங்க. இல்லைன்னு போடுங்க."
அதிலொரு வள்ளத்தில் என் தம்பி.
இல்லை
என்று எழுதினேன்.

ஒத்திகை என்பதால் மாத்திரை யாருக்கும் கொடுக்கவில்லை.
திரும்ப எண்ணியபோது எழுநூற்றுத் தொண்ணூற்றேழு.
உடைந்தவை 3 என்று பதிவேட்டில் எழுதி மூடினேன்.
ஜெர்மீனாவுக்கு மூன்று பிள்ளைகள்.

கதவு ஜன்னல்களை இறுக மூடி உள்ளேயே இருக்கவும்
என்றது கையில் கொடுத்த தாள்.
உப்பு தின்ற கொக்கி.
எங்கள் அடுக்களை ஜன்னல்
போன ஈஸ்டரிலிருந்து வலைக்கயிற்றில் நிற்கிறது.
ராத்திரி எழுந்து தள்ளிப் பார்த்தேன்.
பழைய பாவாடையைத் திணித்தேன்.
அப்படியும் ஒரு விரல் நுழைந்தது.

நாலரை மணிக்குத் தம்பி வந்தான்,
நனைந்த சட்டையோடு, கையில் கொஞ்சம் சாளை.
ஜன்னலையும் பாவாடையையும் பார்த்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
இன்றைக்கு என்ன காற்று என்றேன்.

வாடை, என்றான்,
சட்டையைப் பிழிந்தபடி.