முப்பத்தேழாவது முயற்சி

இந்தப் பருவத்திலிருந்து மண் இயக்கவியலுக்கு
நான் பேச வேண்டியதில்லை.
மென்பொருள் பேசும்.
அறுபது திரைகள், அறுபது ஹெட்போன்கள்,
கடைசி மேசையில் எனக்கொரு நாற்காலி.

கோத்தகிரியில் கார்த்திகை மாதம்
மதியம் இரண்டுக்கே விளக்குப் போட வேண்டும்.
மூடுபனி ஜன்னல் இடுக்கில் நுழைந்து
யூ.பி.எஸ். மேல் உட்காரும்.
கரண்ட் போனால் அது கீச்சிடும்.
அப்போது மட்டும் எல்லோரும்
தலைதூக்கி என்னைப் பார்ப்பார்கள்.

ஒன்பது வருடம் இதே பாடத்தைக்
கரும்பலகையிடம் சொன்னேன்.
முதுகுக்குப் பின்னால் யார் எந்த வரியில் நின்றுபோனார்கள்
ஒருநாளும் தெரிந்ததில்லை.
புரிந்ததா என்பேன்.
புரிந்தது சார் என்று வரும்,
தகரத்தில் தூறல் மாதிரி ஒரே சீராக.

இப்போது என் திரையில் ஒரு பட்டியல்:
யார், எத்தனை நிமிடம், எத்தனை முயற்சி.
போஜராஜ் பதினோரு நிமிடத்தில் முழுப் பாடத்தையும்
முடித்துவிட்டான்
(விடைகள் விடுதிக்கு முந்தாநாளே வந்துவிட்டன).
இருபத்து மூன்றாம் எண், தவமலர்,
பதினான்காம் கேள்வியில் நாற்பது நிமிடமாக நிற்கிறாள்.
முப்பத்தாறு தவறு.

எழுந்து போனேன்.
எளிய கேள்விதான். முப்பது பாகைச் சரிவு,
நிற்குமா, சரியுமா?
அவள் முப்பது என்று போடவேயில்லை.
நாற்பத்தெட்டு.
நீர்மட்டத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக
ஏற்றிக்கொண்டே வந்திருந்தாள்.
ஒவ்வொரு முறையும் மென்பொருள்
கணக்கையும் போட்டுக் காட்டி
விடை தவறு, மீண்டும் முயல்க என்றிருக்கிறது,
சலிக்காமல்.
நானாயிருந்தால் மூன்றாம் முறையே
கேள்வியை ஒழுங்காப் படி என்றிருப்பேன்.

"எந்தச் சரிவும்மா இது?"

"எங்க லைன் வீட்டுக்குப் பின்னாடி சார்.
சோலூர்மட்டம். ரோட்டுக்காக வெட்டுனது.
டேப் வச்சு அளந்தேன்."

பாதுகாப்புக் காரணி 1.02.
வெளியே மழை வலுத்தது.
இன்னொரு அரை மீட்டர் தண்ணீர் சேர்த்து
என்டரை அழுத்தினாள்.

0.97.
விடை தவறு, மீண்டும் முயல்க.

"ஒட்டுத்தன்மைக்கு என்ன போட்டே?"
"புத்தகத்துல இருந்ததுதான் சார்."

புத்தகத்து மண் எந்த ஊர் மண்ணோ.

மாலை அறிக்கையில் இருபத்து மூன்றாம் எண்
தோல்வி என்று பதிவாகியிருந்தது.
திருத்தும் அனுமதி எனக்கில்லை.
ஆய்வகத்துக் கோர் கட்டரையும் சுத்தியலையும்
சாக்கில் சுற்றிக்கொண்டு
நாலரை பஸ்ஸுக்கு ஓடினோம்.
கடைசியாக ஏறியவன் போஜராஜ்.
இதுக்கு விடை என்ன சார் என்றான்.