மறுகா

எட்னா ராலிங்ஸுக்கு எழுபத்திமூன்று வயது.
கிரான் சந்தியில், தகரப் பந்தலுக்குக் கீழே
பிளாஸ்டிக் கதிரையில் இருந்து
பாஞ்சோவின் ஆணிகளை முறுக்கிக்கொண்டிருந்தாள்.
இந்த வெக்கைக்குத் தந்தி தளருதாம்.
மொழிபெயர்க்க நான்,
நாளுக்கு மூவாயிரமும் பகல் சோறும்.

கடன் கொம்பனியின் படிக்கட்டுக்கு எதிரே
பெண்கள் குந்தியிருந்து பதினொரு நாள்.
சுரங்க வாசலில் இப்படிக் குந்தியதற்குத்தான்
பத்தொன்பது வயதில் ஒன்பது நாள் மறியலில் இருந்தாளாம்.
அதைச் சொன்னதும் ஒருத்தி எழும்பி
அவள் பக்கம் காற்றாடியைத் திருப்பிவிட்டாள்.

பாட்டு அப்பனைப் பற்றியது.
நிலக்கரி என்றேன், முகங்கள் அசையவில்லை.
நிலத்துக்குள்ள இறங்கிக் கறுப்புக் கல்லு வெட்டுற வேலை என்றேன்.
தவமலர் கேட்டாள்: மறுகா?

சம்பளம் காசில்லை, கொம்பனிக் கடைத் துண்டு.
மறுகா?
விளக்கெண்ணெய்க்குக் கழிச்சானுகள்.
சப்பாத்துக்கும் கழிச்சானுகள்.
மறுகா?
மண் சரிஞ்சு அவன் செத்த கிழமை
பிரேதத்தைத் தூக்கின கயிற்றுக்கும்.

கயிறு என்ற சொல்லை நான் வேறு ஏதாவது ஆக்கியிருக்கலாம்.
பூரணம் முன்வரிசையில் இருந்தாள்.
போன மாசியில், ஒரு வியாழக்கிழமை,
மகளை வளையிலிருந்து இறக்கியவள்.
காற்றாடி மட்டும் சுற்றியது.
கொம்பனிப் பொடியன் கூட, மோட்டர்சைக்கிளில் சாய்ந்தபடி,
போனைப் பார்ப்பதை நிறுத்தினான்.

பிறகு பூரணம்தான், தொண்டையைச் செருமிக்கொண்டு,
"மறுகா?" என்றாள்.

எட்னா அதைப் பாட்டின் பதில் என்றே நினைத்திருக்கிறாள்.
தந்தியை உதறி, கண்ணை மூடி,
மலைநாட்டு மூக்குக்குரலில்
"மருகா" என்று இழுத்தாள்.
"மண்டூரானைக் கூப்பிடுறாகா வெள்ளைக்காரி!"
"அவனுக்கு வாய் கட்டியெல்லோ பூசை,
அவன் எங்க பதில் சொல்லப் போறான்?"
பந்தல் கிடுகிடுத்தது சிரிப்பில்.
பூரணமும் சிரித்தாள். நான் பார்த்தேன்.
இதை மொழிபெயர்க்க எனக்கு இங்கிலீசு போதவில்லை.
வயிறு நிறைந்ததென்று சொல்கிறார்கள் என்று
ஏதோ உளறினேன்.

எட்னா செத்துப்போனாள், போன கார்த்திகை.
யாரோ அனுப்பியிருந்தார்கள்:
கென்டக்கியில் ஒரு தேவாலய மண்டபம்,
கம்பளிச் சட்டைக்காரர் இருநூறு பேர்
அதே பாட்டை எழும்பி நின்று பாடுகிறார்கள்.
ஒவ்வொரு அடிக்கும் பின்னால்
மருகா, மருகா.
கேள்வி என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

தவமலரின் படலையில் நின்று போனைக் கொடுத்தேன்.
வியாழக்கிழமை. ஒழுங்கைக்குள்
மோட்டர்சைக்கிள் சத்தம் திரும்புகிறது.
மடிக்குள் எண்ணிவைத்த காசைத் தடவியபடி
முழுதும் கேட்டாள்.

"றானா பிழை புள்ள," என்றாள்,
"எழுதிப் போடு அவங்களுக்கு."