பாதியில் நின்ற தலை

சோபியா, லியூலின் குடியிருப்பு, எட்டாவது தளம்.
லிஃப்ட் ஐந்தோடு சரி.
கருவிப்பையைச் சுமந்து ஏறி
மூச்சு வாங்கி நிற்கையில்
கதவைத் திறந்த த்ஸ்வெதானா
வணக்கம்கூடச் சொல்லவில்லை.
"மூன்று நாளாய் என் அக்காவின் தலை
பாதியில் நிற்கிறது" என்றாள்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாதென்றால்:
மேலும் கீழும் அசைத்தால், இல்லை.
பக்கவாட்டில் அசைத்தால், ஆம்.

வர்னாவில் இருக்கும் அக்காவிடம்
அப்பா விட்டுப்போன கடலோர வீட்டை
விற்றுவிடலாமா என்று கேட்ட நொடியில்
திரையில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்திருக்கிறது.
முகவாய் கொஞ்சம் உயர்ந்து
கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து
அப்படியே.
பிறகு அழைப்பு அறுந்தது.

மறுபடி கேட்கமாட்டாளாம்.
இரண்டாம் முறை கேட்டால் அது கெஞ்சல்.

உறைந்த முகத்தைப் படம்பிடித்து வைத்திருந்தாள்.
"நீயே பார், இது ஆமா இல்லையா?"
நான் கேபிள்காரன்,
கழுத்து வைத்தியன் இல்லை.

கம்பியை நேரே அவள் மடிக்கணினியில் செருகினேன்.
தொண்ணூற்று நான்கு.
"தெருவில் கோளாறு இல்லை.
நோய் வீட்டுக்குள்தான்."
விருந்துக்கு வந்து உப்பைக் குறை சொன்னவனைப்போல்
என்னைப் பார்த்தாள்.

கம்பியைக் கழற்றி
ஃபோனை அகல்விளக்குபோல் ஏந்தி
அறை அறையாய் நடந்தேன்.
கூடத்தில் முப்பத்தொன்று.
நடையில் பன்னிரண்டு.
சமையலறையில், அக்காவோடு அவள் பேசும் நாற்காலியில்,
இரண்டு.
ஜன்னலை மூடினால் ஒன்றரை என்றாள். அது பிரமை.

ரவுட்டர் எங்கே?
சுவர் அலமாரியின் அடித்தட்டில்,
செப்புத் தட்டுக்குப் பின்னால்,
விளக்கு கண்ணைக் குத்துகிறதென்று
பின்னல் விரிப்பு வேறு போர்த்தி.
தொட்டேன். காய்ச்சல்காரன் நெற்றி.

சுவரைத் தட்டிக் காட்டினேன்.
ஆலையில் வார்த்து, லாரியில் கொண்டுவந்து
ஒன்றன்மேல் ஒன்றாய் நிறுத்திய சுவர்.
உள்ளே முழுக்க இரும்பு.
பக்கத்து வீட்டுத் தும்மல் கடந்து வரும்,
அலை வராது.

பிறகு அக்கம்பக்கத்து வைஃபைகளைப் பட்டியலிட்டேன்.
இருபத்திரண்டு பெயர்கள்.
'கேட்காதே தரமாட்டேன்'.
'ஏழாம் தளத்து நாய்'.
எல்லாம் ஒன்றிலும் ஆறிலும் முண்டியடிக்க
பதினோராம் சேனலில் ஒரே ஒருவன்:
'மிலெனா மன்னித்துவிடு'.
இவளையும் அங்கே மாற்றினேன்.
மன்னிப்புக் கேட்பவன்
அதிகம் இடைஞ்சல் செய்யமாட்டான்.

பத்து மீட்டர் கம்பி, பதினான்கு ஆணி.
நடையில் தொப்பி மாட்டும் பலகையின்மேல்
ரவுட்டரைத் திறந்த வெளியில் உட்காரவைத்தேன்.
விரிப்பைத் திரும்ப எடுத்து வந்தவளைத் தடுத்தேன்.

சமையலறையில் நாற்பத்தொன்று.

"போய்விடாதே" என்றாள். தலை வாரிக்கொண்டாள்.
அழைத்தாள்.
முதல் மணியிலேயே அக்கா.
கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டியிருந்த நாடாகூடத் தெளிவு.

"உயிரோடுதான் இருக்கிறாயா?
அன்றைக்கு ஒன்று கேட்டேன்,
தலையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு
பதிலே சொல்லாமல் போய்விட்டாய்.
மறுபடி கேட்க எனக்கென்ன தலையெழுத்தா?"

த்ஸ்வெதானா வாயைத் திறந்தாள்.
ஒன்றும் வரவில்லை.
அந்தப் பக்கமும் ஒன்றுமில்லை.
இரண்டு முகமும் அசையாததைக் கண்டு
பதறி ரவுட்டரைத் திரும்பிப் பார்த்தேன்.
பச்சை.
திரையில், அக்காவுக்குப் பின்னால்
ஜன்னல் சீலை அசைந்துகொண்டுதான் இருந்தது.

படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில்
சுவர் என்று எழுதி
கையெழுத்துக்காக நின்றேன்.
நெடுநேரம் நின்றேன்.