நான்காம் வேற்றுமை

புதுக்கடை நீதிமன்றில்
மின்விசிறிக்கு நேர் கீழே என் கதிரை.
இரண்டு மொழிகளுக்கு நடுவே உட்கார்ந்து
பத்தொன்பது வருடமாகத் தண்ணீர் குடிக்கிறேன்.

சாட்சி சூசையம்மா.
ஜம்பட்டா வீதியில் லொத்தர் சீட்டு விற்பவர்.
அடகுக்கடை உடைபட்ட இரவைக் கேட்டார்கள்.
"ரெஜினோல்ட் அங்கதான் நிண்டவன்.
எனக்குத் தெரியும்."

"மம தன்னவா" என்றேன் நீதவானுக்கு.
சொன்ன பிறகுதான் உறுத்தியது.
சிங்களத்தில் அறிபவர் எழுவாயாய்
நெஞ்சை நிமிர்த்தி முன்னே வந்துவிடுகிறார்.
தமிழில் அவருக்கு ஒரு 'கு' மட்டும்.
எனக்குப் பசிக்கிறது, எனக்குக் குளிர்கிறது,
எனக்குத் தெரிகிறது:
கேட்காமலே வந்து சேர்பவை.
நம்புவது அப்படியல்ல.
நான் நம்புகிறேன் என்றால்
நானேதான் கையொப்பம் வைக்கவேண்டும்.

"முகம் கண்டீர்களா?"
"இல்லை. மழை."
"பிறகு எப்படி?"
"குடைய மடக்கி
மூண்டுதரம் சுவரில தட்டினவன்.
அந்த வீட்டுப் பிள்ளையள் அப்படித்தான்."

பிள்ளையள். பன்மை.
ஒரு எழுத்தும் குறையாமல் பெயர்த்தேன்.
ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆவணியில் கமராப் பதிவு வந்தது.
ரெஜினோல்ட் கடைக்குள்ளே, பூட்டோடு.
வாசலில் குடையோடு நின்றது அவன் தம்பி.

அப்படியென்றால் அவர் சொன்னது உண்மை.
கண்டதோ வேறொருவனை.
தூக்கக் கலக்கத்தில்
பிழையான பஸ்ஸில் ஏறியவர்
மட்டக்குளியில், சொந்தப் படலையடியிலேயே
இறங்கியதுபோல.
வீடு வந்துவிட்டது, சரி.
வழி தெரிந்தவர் என்பதா அவரை?

தீர்ப்பில் இதற்கு ஒரு வரியும் இல்லை.
உண்மை கிடைத்தால் போதும் அவர்களுக்கு;
அது எந்த வழியால் வந்ததென்று
கோப்பு கேட்பதில்லை.

போன வெள்ளி அவர் கடைக்குப் போனேன்.
"இது விழுமெண்டு தெரியுமோ?"
"தெரிஞ்சா நான் ஏன் ஐயா விக்கிறன்?"
சிரித்தபடி ஒரு சீட்டைக் கிழித்தார்.
நம்பாமலே வாங்கினேன்.
நம்பாமலே, கசங்காதபடி
அடையாள அட்டைக்குள் செருகினேன்.

தூறல் விட்டிருந்தது.
வீட்டு வாசலில் குடையை மடக்கினேன்.
எத்தனை தரம் தட்டினேன் என்று
எனக்குத் தெரியாது.
சூசையம்மாவைத்தான் கேட்கவேண்டும்.