ஜன்னல் இல்லாத இருக்கை

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல என்பார்கள்.
எனக்கு அதுதான் உத்தியோகம்,
பதினான்கு வருஷமாக.
காட்டுக்குப் பதில் வட அட்லாண்டிக்.
துணிக்குப் பதில்
ஜன்னல் இல்லாத ஒரு மேசை,
பச்சையாய் மினுங்கும் திரை,
யாரோ சாக்லேட் தின்ற கையோடு தொட்ட ஹெட்செட்.

சீருடையில் என் நெஞ்சில் ஒற்றைச் சிறகு.
ராலி டன்பாருக்கு இரண்டு.
தையற்காரர் நூலை மிச்சம் பிடிக்கவில்லை,
விதியே அப்படி:
சுக்கானைப் பிடிப்பவனுக்கு இரண்டு,
எங்கே போவதென்று சொல்பவளுக்கு ஒன்று.

செவ்வாய்க்கிழமை தெற்கிலிருந்து பிரிங்கிள் வந்தார்,
பதவிகளைப் பங்கிடும் அலுவலகத்துக்காரர்,
ஒரு லேப்டாப்பும் மூக்கடைப்புமாக.
மொரே கடற்கரையின் மழை
தகரக் கூரையில் விழுந்து அவர் பேச்சை வெட்டிக்கொண்டே இருந்தது.
"கெடெஸ், உங்கள் கோப்பு அருமையானது."
அருமை என்று ஆரம்பித்தால்
அடுத்த வாக்கியத்தில் ஓர் ஆனால் உட்கார்ந்திருக்கும்.
இருந்தது.

புதிய விமானம் வருகிறது.
அதில் என் மேசை இருக்கும் இடத்தில்
செருப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி.
டீ கேட்காது. பேறுகால விடுப்பு கேட்காது.
முப்பத்தெட்டு வயதில் பென்ஷன் கேட்காது.
"ஒரு ஸ்குவாட்ரனின் தலைமை?" என்றேன்.
"தடையொன்றும் இல்லை. கடைசியாக
விமானி அல்லாத ஒருவருக்குக் கிடைத்தது..."
விரலை மடக்கப் போனவர்
மனம் மாறி மூக்கைச் சிந்தினார்.
"விமானியாக மாற முடியுமா?"
"உங்களுக்கு முப்பத்தாறு ஆகிறது,"
என் வயதை எனக்கே செய்தியாகச் சொன்னார்.

பிறகு மிச்சமிருந்ததைக் காட்டினார்:
லிங்கன்ஷயரில் ஒரு கன்டெய்னருக்குள் உட்கார்ந்து
ஆளில்லா விமானத்தின் கேமராவைத் திருப்பலாம்.
அடுத்த வருஷம் மூடப்போகும் பள்ளியில்
அடுத்த வருஷம் தேவைப்படாத பாடத்தை நடத்தலாம்.
பொறுமையிருந்தால்
பதினாறாவது வருஷம் வரை எதுவும் செய்யாமலும் இருக்கலாம்.

அன்றிரவே கூப்பிட்டார்கள்.
ஃபாரோ தீவுக்காரர்களின் மீன்பிடிப் படகு, ஐந்து பேர்,
ராக்காலுக்கு மேற்கே எங்கோ, எஞ்சின் அறையில் தண்ணீர்.
'எங்கோ'தான் என் தொழிலின் மூலதனம்.
காற்று இவ்வளவு, நீரோட்டம் இவ்வளவு,
கடைசிக் குரல் கேட்டு மூன்று மணி நேரம்.
பென்சிலால் ஒரு கட்டம் போட்டேன்.
கணினியும் ஒன்று போட்டது,
என்னுடையதிலிருந்து பன்னிரண்டு மைல் தள்ளி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்:
கணினியின் கட்டம்தான் சரி.
நான் நீரோட்டத்தைக் கூட்டிப் போட்டிருந்தேன்.

ஆனால் அந்தக் கட்டத்துக்குள்
அலையெல்லாம் ஒளிப்புள்ளியாய்க் கொதித்தபோது,
மூன்று சுற்றுக்கு ஒருமுறை
ஒரே இடத்தில் கண்சிமிட்டியது ஒன்று.
"குப்பை," என்றான் சார்ஜென்ட் ஓக்டன்.
குப்பையாகவும் இருந்திருக்கலாம்.
"இடது பதினைந்து," என்றேன் மைக்கில்.
ஏன் என்று ராலி கேட்கவில்லை.
எண்பது டன் அலுமினியம்
என் இரண்டு சொல்லுக்கு ஒருக்களித்துப் படுத்தது.
மேசையிலிருந்த பென்சில் உருண்டு விழுந்தது.

விடியலில் ஆரஞ்சு நிற மிதவை.
ஐந்து பேரும் கையசைத்தார்களாம்.
ஒருவன் தொப்பியைக் கழற்றிச் சுழற்றினானாம்.
ராலி சொல்லித்தான் தெரியும்.

பத்திரிகையில் வந்தது:
'விமானி டன்பாரும் மற்றவர்களும்.'
அந்த உம்மைகளில் இரண்டாவதற்குள்
நாங்கள் பத்துப் பேர் நெருக்கிக்கொண்டு நிற்கிறோம்.

ராலி எனக்கு முன்னால் போகிறான்.
இரண்டு விமானக் கம்பெனிகள் கடிதம் போட்டிருக்கின்றன,
ஒன்றில் வீட்டு வாடகைகூடத் தருகிறார்களாம்.
ஃபோரஸ் பப்பின் வாசலில், மழையில்,
கடன் வாங்கியவன் போலத் தரையைப் பார்த்துச் சொன்னான்.
கோபம் வரவில்லை. வந்தது, பிறகு, காரில்.

வெளியேறுபவர்களுக்கான படிவத்தில்
'வெளியுலகில் பயன்படும் திறமைகள்' என்று நான்கு கோடு.
பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி
'குழு மேலாண்மை' என்று எழுதினேன்.
அடித்தேன்.
'குப்பை எது, மனிதர் எது' என்று எழுதினேன்.
அதையும் அடித்தேன்.

விக்கில் காற்றாலைக் கம்பெனி ஒன்றுக்கு
கடலில் திரியும் தன் படகுகளைக் கண்காணிக்க ஆள் வேண்டும்.
நேர்காணலின் முதல் கேள்வியை நான் கேட்டேன்:
அறைக்கு ஜன்னல் உண்டா?
உண்டு என்றார்கள்.
கார் நிறுத்துமிடம் தெரியுமாம்.
வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.